காற்று முந்தும், பெட்ரோல் பிந்தும்

சென்ற பருவத்தில் என் வகுப்பு மாணவர் ஒருவர் தம் தந்தையின் பழைய மோட்டார் சைக்கிளைக் கல்லூரிக்கு எடுத்து வந்தார். அவருடைய தந்தை நாள்தோறும் விடியுமுன் இரண்டு பால் கேன்களைக் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து பால் சங்கத்துக்குப் போகிறவர். லாரி நெருங்குமுன் கடந்துவிடலாம் என்று ஆக்ஸிலேட்டரைத் திருகுவார். எஞ்சினோ ஒரு கணம் மூச்சடைத்தாற்போல் அமுங்கி, அதன் பிறகே பாயும். "அந்த ஒரு நொடிதான் சார், வீட்டில் எல்லாருக்கும் பயம்" என்றார் மாணவர். பிளக் மாற்றியாயிற்று; காயில் மாற்றியாயிற்று. கார்புரேட்டரையே புதிதாகப் போட்டால்தான் சரிவரும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்களாம்.

திருகியவுடன் எஞ்சின் ஏன் தயங்குகிறது? இக்கேள்வி நூறாண்டுக்கும் மேற்பட்ட வயதுடையது. பல நாட்டுப் பொறியியலாளர்கள் இதற்கு ஒன்றன்பின் ஒன்றாக விடை தேடினார்கள். அவர்கள் கண்ட ஒவ்வொரு விடையும் கார்புரேட்டருக்குள் ஒரு துளையாகவோ, ஊசியாகவோ, சாய்வெட்டாகவோ இடம்பெற்றிருக்கிறது. ஆகவே அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், கோளாறு எங்கே என்பதையும் ஓரளவு நாமே அறிந்துகொள்ளலாம்.

ஒன்றுக்கு ஒன்பதாயிரம்

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிலோகிராம் காற்று வேண்டும். கன அளவில் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை சுமார் 0.74 கிலோகிராம். அதற்கு வேண்டிய காற்று சுமார் 11 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 9,000 லிட்டர்! ஒரு லிட்டர் திரவத்தை 9,000 லிட்டர் வாயுவில் ஒரே சீராகக் கலக்க வேண்டும். அதுவும் விநாடியின் சிறு பகுதிக்குள் கலக்க வேண்டும். கார்புரேட்டரின் வேலை இதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெட்ரோலின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப் போல் சுமார் 600 மடங்கு. நிறை மிகுந்த பொருளுக்கு நிலைமமும் மிகுதி என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. பாதையைத் திறந்தால் காற்று உடனே உள்ளே பாய்ந்துவிடும். பெட்ரோலோ கிளம்பவே சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். காற்று முந்தும், பெட்ரோல் பிந்தும். தயக்கத்தின் வேர் இந்த ஏற்றத்தாழ்வில் இருக்கிறது.

தயக்கம் இல்லாத காலம்

1885-இல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்தில் ஓர் எஞ்சினைப் பொருத்தி, உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளை உருவாக்கினார்கள். அதன் கொள்ளளவு 264 கன சென்டிமீட்டர்; திறன் அரைக் குதிரைத் திறன். அதில் ஜெட் கிடையாது. பெட்ரோல் நிரம்பிய பெட்டிக்குள் காற்று நுழைந்து, திரவத்திலிருந்து எழும் ஆவியைச் சுமந்துகொண்டு எஞ்சினுக்குச் சென்றது. இதனை மேற்பரப்புக் கார்புரேட்டர் என்பர்.

அக்கால எஞ்சின்கள் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடின. ஓட்டுபவர் நினைத்தபோது திருகி வேகம் கூட்டும் ஏற்பாடு இல்லாததால் தயக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் வேறொரு குறை இருந்தது. பெட்ரோல் ஒரே பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகும் இலேசான பகுதி முதலில் போய்விடும். கனமான பகுதி பெட்டியில் தங்கிவிடும். பெட்டி காலியாகக் காலியாக எஞ்சின் முரண்டு பிடிக்கும்.

பூக்காரியின் ஊதுகுழல்

1893-இல் இக்குறை நீங்கியது. ஹங்கேரியில் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும், தனியே மேபாக்கும், அதே ஆண்டில் ஒரே கருத்தை எட்டினார்கள். பெட்ரோலை ஆவியாக விட்டுக் காத்திராமல், நுண்துளை வழியே காற்றோட்டத்தில் தெளிப்பது என்பதே அக்கருத்து. புடாபெஸ்ட் தெருவில் ஒரு பூக்காரி குழலை ஊதிப் பூக்கள்மேல் நீர் தெளிப்பதைக் கண்டபோது ஹங்கேரியர் இருவருக்கும் இந்த எண்ணம் பிறந்ததாக அந்நாட்டில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், அதில் உள்ள இயற்பியல் உண்மையானது.

அந்த இயற்பியலுக்கு அப்போதே வயது நூற்றைம்பதுக்கு மேல். காற்றோ நீரோ வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்னும் கருத்து டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்தது. இத்தாலியப் பேராசிரியர் வெஞ்சூரி, குழாயின் குறுகிய பகுதியில் பாய்மங்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை ஆராய்ந்து 1797-இல் வெளியிட்டார். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தை இன்றும் 'வெஞ்சூரி' என்றே அழைக்கிறோம். கழுத்தில் காற்று விரைகிறது, அழுத்தம் குறைகிறது, கீழே மிதவை அறையில் இருக்கும் பெட்ரோலை வளிமண்டல அழுத்தம் மேலே தள்ளுகிறது. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் அதைத் தள்ளுவது நம்மைச் சுற்றியுள்ள காற்றுதான்.

ஒரு சிறு கணக்கு

இங்கே நாம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கழுத்தில் காற்று விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். அழுத்தக் குறைவு, அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. அதாவது 960 பாஸ்கல். இவ்வழுத்தம் பெட்ரோலைச் சுமார் 13 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கவல்லது.

இப்போது ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று திருகுகிறார். கழுத்தின் திறப்பு மூன்று மடங்காகிறது. எஞ்சினின் சுழற்சி இன்னும் கூடவில்லை. ஆகையால் உள்ளே போகும் காற்று ஒன்றரை மடங்குதான் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கழுத்தில் காற்றின் வேகம் பாதியாகிவிடும். அழுத்தக் குறைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அது நான்கில் ஒன்றாகிவிடும். 13 சென்டிமீட்டர் தூக்கிய வலிமை மூன்றே சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்! ஜெட் வழியே பாயும் அளவு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே பெட்ரோல் பாதியாகிறது. காற்று ஒன்றரை மடங்கு, பெட்ரோல் பாதி! 15-க்கு ஒன்றாக இருந்த கலவை 45-க்கு ஒன்றாகிவிடுகிறது. இத்தகைய கலவை பொறிக்கும் எரிய மறுக்கும்.

இதோடு இன்னொன்றும் சேருகிறது. ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது எஞ்சினுக்குச் செல்லும் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் நன்றாக ஆவியாகும். திறந்தவுடன் அங்கே அழுத்தம் உயர்கிறது. வந்த கொஞ்சப் பெட்ரோலிலும் ஒரு பகுதி துளிகளாகிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சினுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதற்குக் கிடைப்பது மிகவும் மெலிந்த கலவை.

கையே கார்புரேட்டர்

தொடக்கக் காலப் பொறியியலாளர்கள் இதனை விரைவில் உணர்ந்துகொண்டார்கள். ஒற்றை ஜெட்டில் எதிர்மாறான குறையும் உண்டு: காற்றின் வேகம் மிகும்போது பெட்ரோலின் பங்கு அளவுக்கு மீறிக் கூடிவிடும். 1902-இல் பிரான்சில் ஆர்தர் கிரெப்ஸ், வேகம் கூடும்போது தானே திறந்து கூடுதல் காற்றை விடும் வால்வு ஒன்றை அமைத்தார். பின்னர் பாவரே என்னும் பிரெஞ்சுக்காரர், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்படி இரண்டு ஜெட்களைச் சேர்த்து அமைத்தார். ஜெனித் கார்புரேட்டரின் அடிப்படை அதுதான்.

மோட்டார் சைக்கிளிலோ வெகுகாலம் ஓட்டுபவரின் கையே இந்த வேலையைச் செய்தது. கைப்பிடியில் இரண்டு நெம்புகோல்கள் இருந்தன: ஒன்று கலவைக்கு, மற்றொன்று காற்றுக்கு. வேகம் வேண்டும்போது காற்று நெம்புகோலைச் சற்றே மூடிக் கலவையைச் செறிவாக்கிக்கொண்டு, பிறகு மற்றதைத் திறக்க வேண்டும். ஒலியைக் கேட்டே இரண்டையும் சரிக்கட்டத் தெரிந்தவர் நல்ல ஓட்டுநர் எனப்பட்டார்.

ஒரு திருகலில் நான்கு ஆட்சிகள்

1927-இல் இங்கிலாந்தில் மூன்று கார்புரேட்டர் நிறுவனங்கள் ஒன்றிணைந்து 'அமல்' என்னும் நிறுவனமாயின. அமல் கார்புரேட்டரில் ஓட்டுபவர் கம்பியை இழுத்தால் ஓர் உருளை வடிவச் சறுக்கு மேலே எழும். அதனோடு கூம்பிச் செல்லும் ஊசி ஒன்றும் எழும். 1955-இல் சென்னையில் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் உருவாகத் தொடங்கியபோது இவ்வகைக் கார்புரேட்டரே அவற்றில் இருந்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் பலர் தொழில் பழகியது இதில்தான்.

இக்கார்புரேட்டரில் ஆக்ஸிலேட்டரின் முழுத் திருகலை நான்கு பகுதிகளாகப் பிரித்து ஆண்டார்கள் எனலாம். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டின் ஆட்சி. இதை 'ஸ்லோ ஜெட்' என்றும் சொல்வார்கள். எட்டில் ஒன்று முதல் கால் பங்கு வரை சறுக்கின் அடிவிளிம்பில் உள்ள சாய்வெட்டின் ஆட்சி. கால் முதல் முக்கால் வரை ஊசியின் ஆட்சி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட்டின் ஆட்சி. எல்லைகளில் ஒன்றன் ஆட்சி மெல்ல மறைந்து அடுத்தது தலையெடுக்கும்.

தயக்கத்துக்கு மருந்து பெரும்பாலும் அந்தச் சாய்வெட்டிலும் ஊசியிலும் வைக்கப்பட்டது. சாய்வெட்டு சிறியதாயின் காற்றுக்குத் தடை மிகும். ஜெட்டின் மேல் அழுத்தம் குறையும். பெட்ரோல் கூடுதலாக வரும். சறுக்கு எழும்போதே ஊசியும் எழுவதால் பெட்ரோலின் பாதையும் அகலும். மேலே நாம் கணக்கிட்ட பற்றாக்குறையை இவ்விரண்டும் சேர்ந்து பெருமளவு ஈடுசெய்கின்றன.

இதற்கு முன்பே, 1905-ஐ ஒட்டி, ஸ்கின்னர் சகோதரர்கள் இங்கிலாந்தில் வேறு வழி கண்டிருந்தார்கள். ஓட்டுபவர் எவ்வளவு திருகினாலும் கழுத்தின் அகலத்தை எஞ்சினே தீர்மானிக்கட்டும் என்றார்கள். அதற்குத் தோல் துருத்தி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அவர்களின் குடும்பத் தொழில் காலணி வணிகம்! எஞ்சின் இழுக்கும் அளவுக்கே கழுத்து அகலுவதால் காற்றின் வேகம் சட்டென்று வீழ்வதில்லை. அக்கார்புரேட்டருக்கு 'எஸ்.யு.' என்று பெயர். இதே கொள்கையை 1965-இல் ஹோண்டா தன் 450 சி.சி. மோட்டார் சைக்கிளில் கையாண்டது. பிற்காலத்தில் நம் நாட்டு வண்டிகள் பலவற்றிலும் ரப்பர் உதரவிதானத்தோடு கூடிய இவ்வகையே வந்தது.

வானத்தில் ஒரு தயக்கம்

தயக்கத்தின் வரலாற்றில் மறக்கக்கூடாத அத்தியாயம் ஒன்று ஆகாய விமானத்தில் நிகழ்ந்தது. அதன் நாயகி ஒரு மோட்டார் சைக்கிள் வீராங்கனை. பெயர் பியாட்ரிஸ் ஷில்லிங். மான்செஸ்டரில் மின் பொறியியல் பயின்றவர். 1934-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயப் பாதையில் நார்ட்டன் வண்டியை மணிக்கு 106 மைல், அதாவது ஏறக்குறைய 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றவர்.

1940-இல் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானங்கள், எஸ்.யு. கார்புரேட்டர் பொருத்திய மெர்லின் எஞ்சினால் ஓடின. விமானி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால் எஞ்சின் தயங்கியது. பெட்ரோலை நேரே உருளைக்குள் செலுத்தும் ஜெர்மானிய விமானங்களுக்கு அத்தொல்லை இல்லை. தயங்கிய அந்த நொடிகளில் எதிரி தப்பிவிடுவான். அல்லது பின்னால் வந்து சுடுவான்.

விமானம் சட்டென்று சாயும்போது மிதவை அறையில் உள்ள பெட்ரோல் கூரைக்குத் தாவிவிடுகிறது. அடியில் உள்ள ஜெட்டுக்குப் பெட்ரோல் கிடைப்பதில்லை. முதல் இருமல் அதனால் வருவது. ஆனால் எஞ்சினை நெடுநேரம் முடக்கியது அதுவன்று. நிலைகுலைந்த மிதவை, பெட்ரோல் வரும் வாயிலை முழுதாகத் திறந்துவிடும். பம்ப்பு எஞ்சினின் தேவைக்கு மேல் கொட்டும். அறை நிரம்பி வழிய, எஞ்சின் கரும்புகை கக்கி மூச்சுத் திணறும். வறட்சியாகத் தொடங்கிய நோய் வெள்ளமாக முடிந்தது.

ஷில்லிங் கண்ட தீர்வு மிக எளியது. எஞ்சின் முழுத் திறனில் ஓட எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அவ்வளவுக்கு மட்டும் இடங்கொடுக்கும் சிறு துளையுள்ள ஒரு பித்தளைத் தடுப்பு. 1941 மார்ச் முதல் அவரும் சிறு குழுவும் விமானத் தளங்கள்தோறும் சென்று அதைப் பொருத்தினார்கள். தலைகீழாக நீண்ட நேரம் பறப்பதற்கு அது உதவாது. எனினும் உயிரைக் குடித்துக்கொண்டிருந்த பெரிய தயக்கத்தை அது நீக்கியது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பெட்ரோல் குறைந்தாலும் எஞ்சின் தயங்கும், மிகுந்தாலும் தயங்கும். வெளியே தெரியும் அறிகுறி ஒன்று; உள்ளே காரணம் இரண்டு; அவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. எது என்று பாராமல் கை வைப்பவர், நோயை இரட்டிப்பாக்கக்கூடும்.

சட்டம் வந்தது, தயக்கம் திரும்பியது

1978-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள்களின் புகைக்குச் சட்ட வரம்பு வந்தது. புகையைக் குறைக்கக் கலவையை மெலிதாக்கினார்கள். மெலிந்த கலவைக்கு இருப்பு இல்லை. சிறிது பற்றாக்குறை நேர்ந்தாலும் தயங்கும். இதற்கு மாற்றாகச் சில வண்டிகளில், திருகும்போது ஒரு துளி பெட்ரோலைப் பீச்சும் சிறு பம்ப்பை வைத்தார்கள். மோட்டார் கார்கள் இவ்வழியை முன்பே கையாண்டன.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளால் புதிய இருசக்கர வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் மறைந்து, மின்னணுப் பெட்ரோல் தெளிப்பு வந்தது. அங்கும் சுவரில் ஒட்டும் பெட்ரோல் ஒட்டத்தான் செய்கிறது. ஆக்ஸிலேட்டர் விரைந்து திறப்பதை உணர்கருவி கண்டு சொல்ல, கணிப்பொறி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது. முன்னாள் ஓட்டுநரின் கை செய்த வேலையே அது.

மாணவரின் வண்டி

இனி நம் பால்காரரின் வண்டிக்கு வருவோம். முதலில், வால்வு இடைவெளியும் பொறி விழும் நேரமும் சரியாக இருக்கின்றனவா, காற்று வடிகட்டி சுத்தமா என்று ஒரு மெக்கானிக்கைப் பார்க்கச் சொன்னேன். எல்லாத் தயக்கமும் கார்புரேட்டரின் குற்றமன்று. அவை சரியாகவே இருந்தன.

பிறகு நானும் மாணவரும் ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, மூடிய நிலை, எட்டில் ஒன்று, கால், முக்கால் என்று கோடு கிழித்தோம். கல்லூரி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தபோது, தயக்கம் எட்டில் ஒன்றுக்குள்ளேயே நிகழ்ந்தது. ஊசிக்கும் மெயின் ஜெட்டுக்கும் இதில் பங்கில்லை என்று தெளிந்தோம். அடுத்த கேள்வி, வறட்சியா வெள்ளமா என்பது. எஞ்சின் சூடான பிறகு சோக்கைப் பாதி இழுத்துவிட்டுத் திருகினோம், தயக்கம் குறைந்தது. கலவை செறிவானதும் நோய் தணிந்தது என்றால் நோய் வறட்சி. மாறாக, சோக் இழுத்ததும் தயக்கம் மிகுந்து, பிளக்கில் கரி படிந்து, கரும்புகையும் வந்திருந்தால் அது வெள்ளம். மிதவையையும் அதன் ஊசி வால்வையும் பார்த்திருக்க வேண்டும்.

வறட்சி என்றதும் பைலட் ஜெட் அடைப்பையே முதலில் ஐயுற்றோம். நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோலின் கனமான பகுதி பிசினாகி அந்த நுண்துளையை அடைப்பது வழக்கம். கழற்றிக் கரைப்பானில் கழுவிக் காற்று ஊதினோம். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், ஆகவே குத்தக்கூடாது. மாட்டியபின்னும் தயக்கம் போகவில்லை.

மிஞ்சியது ஒன்று: கார்புரேட்டரைக் கடக்காமல் வேறு வழியாக நுழையும் காற்று. வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் இணைப்பைச் சுற்றிச் சோப்பு நீரைத் தூரிகையால் தடவினோம். அடிப்பக்கம் ஓரிடத்தில் தடவியதும் எஞ்சினின் ஒலி மாறியது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத வெடிப்பு அங்கே இருந்தது. ஆக்ஸிலேட்டர் சிறிதளவு திறந்திருக்கும்போதுதான் அக்குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. அப்போதுதான் வெடிப்பின் வழியே காற்று மிகுதியாக நுழையும். தயக்கம் முதல் எட்டில் ஒன்றில் மட்டும் இருந்ததன் காரணம் விளங்கிவிட்டது. (இச்சோதனைக்குப் பெட்ரோலைப் பயன்படுத்தலாகாது. சூடான எஞ்சினுக்கருகில் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.)

புது ரப்பர் இணைப்பின் விலை, அந்தப் பட்டறையில் கேட்ட தொகையில் மிகச் சிறு பங்கு. மறுநாள் வகுப்பில் அந்த வெடித்த ரப்பரை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பெர்னூலித் தேற்றத்தை நடத்தினேன். கரும்பலகையில் வழக்கமாக எழுதும் அதே சமன்பாடுதான். அன்று ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து மாணவர் வந்து, "அப்பா இப்போது சாலையைக் கடக்கும்போது வண்டியைக் கவனிப்பதில்லை சார், லாரியை மட்டும்தான் கவனிக்கிறார்" என்றார்.